வாப்பாவின் ஜீப்பும் தம்பியின் கெரவனும்



"வாப்பாட ஜீப்பை வித்திட்டீங்களாமே சேர்?" என்று பள்ளிவாசல் படியிலும், பாடசாலைக் கேற்றடியிலும், சந்தையில் மீன் வாங்கும் நேரத்திலும் கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பெட்டி, தோணி, தண்ணீர் பவுசர் என்று எதையாவது வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

ஆம், விற்றுவிட்டோம். காசுக்காக இல்லை. அந்த ஜீப் எங்களைக் கொல்லப் பார்த்தது என்றுகூட முதலில் சொல்லித் திரிந்தோம். அது பொய். பிழை ஜீப்பில் இல்லை, எங்களில்.

"போர் டீஆர் பைவ்" என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிட்சுபிஷி ஜீப், 2.7 லீற்றர் டீசல் என்ஜின். ஜப்பானில் 1998ஆம் ஆண்டோடு அந்த ஜீப் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். வாப்பா அதை வயலுக்காக வாங்கினார். விதை நெல், உர மூட்டை, கூலியாட்கள், ஊரில் ஒரு மையித்து என்றால் சந்தூக்கு, எல்லாம் அதில்தான் போனது. வாப்பா மௌத்தான பிறகு ஐந்து வருடம் நாங்கள் அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். உம்மா வெளியே வந்து பார்க்கும்போது அது முற்றத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி கட்டாரிலிருந்து திரும்பி வந்து கெரவன் செய்தான். பழைய பெட்டிச் சேஸி ஒன்றில் இரும்புச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு போட்டு, உள்ளே கொத்துத் தட்டு, கேஸ் அடுப்பு, இரண்டு ஃப்ரீசர், தண்ணீர்த் தாங்கி, படுக்க இரண்டு தட்டு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அறுகம்பே பக்கம் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டுக்காரர் வருவார்கள். எங்கள் கரையில் மழை தொடங்கினால் அவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள். அதனால் டிசம்பரில் கெரவனும் எல்லவுக்குப் போகும், ஏப்ரலில் இறங்கி வரும். இடைப்பட்ட நாட்களில் இன்று ஒரு கரை, நாளை ஒரு கரை. மணலில் இறக்க வேண்டும், மணலிலிருந்து ஏற்ற வேண்டும். நான்கு சில்லும் இழுக்கிற வண்டி இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. ஜீப் முற்றத்தில் நின்றது. கொளுவினோம். மணலில் அது யானை மாதிரி இழுத்தது. அந்தப் பெருமையில் மற்ற எதையும் யோசிக்கவில்லை.

2024 ஏப்ரல். நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில் கெரவனை எல்லவிலிருந்து இறக்கப் போனோம். பாடசாலை விடுமுறை என்று நாங்களும் பிள்ளைகளும் சேர்ந்து போயிருந்தோம். ஜீப்பில் ஆறு பேர். மகன் முன் ஆசனத்தில், அவனுடைய சாச்சாவுக்குப் பக்கத்தில்.

எல்ல ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய மலையின் அடிவாரம். இரண்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அந்த வீதி எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதை இதிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். இராவணா நீர்வீழ்ச்சி தாண்டி இரண்டு மூன்று வளைவு வந்ததும் ஒரு கருகல் மணம். அடுத்த வளைவில் தம்பி பிரேக்கை மிதித்தான், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. "காக்கா, பிரேக் இல்ல" என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னான். பின்னால் கெரவன் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. தள்ளியதோடு நிற்கவில்லை, இரண்டு பக்கமும் வால் ஆட்டத் தொடங்கியது.

கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் ஜீப்பை உரசவிட்டு நிறுத்தினான். மட்கார்ட் போனது, ஒரு பக்கத் தகடு போனது. கெரவன் குறுக்கே திரும்பி வீதியின் பாதியை அடைத்து நின்றது. எதிரே பஸ் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் கீறல் இல்லை. மகன் மட்டும் அதற்குப் பிறகு முன் ஆசனத்தில் ஏறவில்லை. கேட்டால் "பின்னுக்கு நல்லம்" என்பான்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் செய்த முதல் நல்ல வேலை, கெரவனை ஊரில் ஒரு நெல் ஆலைக்குக் கொண்டுபோய் லொறி நிறுக்கிற தராசில் ஏற்றியது. அதுவரை அது 900 கிலோ இருக்கும் என்று தம்பி சொல்ல, நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். தராசு 1,460 காட்டியது. அடுத்து ஜீப்பை ஏற்றினோம், 1,390. இழுக்கிற வண்டியைவிட இழுபடுகிற பெட்டி கனம். அந்தப் பெட்டிக்குப் பிரேக்கே இல்லை. அதாவது 1,390 கிலோவை நிறுத்துவதற்கென்று செய்த பழைய டிரம் பிரேக், ஆட்களையும் சேர்த்து மூவாயிரம் கிலோவுக்கு மேல் தாங்கிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறது.

தரம் 10 பிள்ளைகளுக்கு நியூட்டனின் விதிகளைக் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப் போடுகிற வீடு இது. வெட்கமாக இருந்தது.

பிரேக் என்ன செய்கிறது? ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. சூடு கூடினால் டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும். பிரேக் ஒயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் வரும். குமிழ் அமுங்கும், ஒயில் அமுங்காது. மிதி பஞ்சு மாதிரிப் போனதன் காரணம் அதுதான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஜீப்பில் வாப்பா மாற்றியதுதான் கடைசி.

வால் ஆடியதற்கும் காரணம் கிடைத்தது. ஆலையில் மூட்டை நிறுக்கிற தராசைக் கெரவனின் கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். கொக்கியில் வெறும் 40 கிலோதான் இறங்கியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவாவது கொக்கியில் இறங்க வேண்டும் என்பது ட்ரெய்லர்காரர்களின் பொதுக் கணக்கு. நாங்கள் தண்ணீர்த் தாங்கியையும் ஃப்ரீசர்களையும் பின்பக்கத்தில் வைத்திருந்தோம். பின்பாரம் கூடினால் பெட்டி ஊஞ்சலாகும்.

அடுத்த கேள்வி, ஜீப்புக்குப் பதிலாக எது? இந்த இடத்தில்தான் குடும்பம் முழுக்க வாகன நிபுணர்களாக மாறியது.

மச்சானுக்கு ஜிம்னி. அழகான சாமான், மணலுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை என்பார். மணலில் அது கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சொந்த எடையே சுமார் 1,100 கிலோ. பிரேக் உள்ள பெட்டியென்றாலும் 1,300 கிலோவுக்கு மேல் இழுக்காதே என்று கையேடு சொல்கிறது. ஜீப்பில் விட்ட பிழையைப் புதுப் பெயின்டோடு திரும்பச் செய்வதற்கு அது சரி.

மாமாவுக்கு ட்ரெக்டர். "ட்ரெக்டரைப் பூட்டுங்க, ஒரு பயமும் இல்ல" என்றார். ட்ரெக்டரில் டிசம்பரில் புறப்பட்டால் ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் எல்ல போய்ச் சேரலாம் என்று ராத்தா சொன்னா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தம்பிக்குப் பஜிரோ. அதில் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. கனமான வண்டி, பலமான டீசல் என்ஜின். அதன் சுப்பர் செலக்ட் கியர் இருந்தால் தார் வீதியிலும் நான்கு சில்லையும் பூட்டி ஓடலாம். சாதாரணக் கெப்களில் அது சரிவராது. காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லையும் பூட்டி வளைத்தால் கியர் பெட்டிக்குள் இறுகும். மழை நாளில் மலை ஏறுகிறவனுக்குப் பஜிரோ பெரிய உதவிதான்.

ஹைலக்ஸும் பார்த்தோம். அந்தப் பெயருக்கே பாதி விலை கொடுக்க வேண்டியிருந்தது.

விலை ஏன் அப்படி என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். நாங்கள் தேடிய 2024இல் அது இன்னும் திறக்கவில்லை. நாட்டுக்குள் இருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறிப் பொன்னாகிவிட்டிருந்தன. இருபது வயது வண்டி ஒன்றை, அது புதிதாக இருந்தபோது போன விலையைவிடப் பல மடங்குக்குக் கேட்டார்கள்.

எங்கள் கையில் 55 இலட்சம் இருந்தது. வாப்பா விட்டுப்போன துண்டுக் காணியின் காசு, ராத்தாவின் பங்கும் சேர்ந்தது, தம்பியின் கட்டார் சேமிப்பில் மிச்சம். பஜிரோவுக்கு இன்னும் 45 இலட்சம் வேண்டும். தரகர் ஒருவர் பைலோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "லீசிங் போடலாம் சேர், உங்கட சம்பளச் சீட்டு இருந்தாப் போதும், நாளைக்கே வண்டி வாசல்ல." நான்கு வருடம், மாதம் ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம்.

வட்டி என்ற ஒரே சொல்லோடு அந்தப் பைலை மூடியிருக்கலாம். மூட வேண்டியதுதான் எங்கள் கடமையும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று இரவு நாங்கள் தூங்கவில்லை. "எல்லாரும் எடுக்கிறாங்கதானே" என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. வட்டியில்லாத முறையில், முராபஹாவில் எடுக்கலாமே என்று ஒரு மவ்லவி நண்பர் நல்ல வழி காட்டினார். வட்டிப் பிரச்சினை அதில் தீர்ந்தது. மாதத் தவணை தீரவில்லை.

அப்போது ராத்தா ஒரு கொப்பியை எடுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதினா. கெரவன் உழைக்கிற மாதங்களுக்கு ஒரு சரி. ஒக்டோபர், நவம்பரில் ஒன்றும் இல்லை. நோன்பு மாதத்தில் பகலில் அடுப்பு எரியாது. பிறகு இன்னொரு வரிசை எழுதினா: 2019, 2020, 2022. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரரும் இல்லை. அடுத்த வருடம் கொரோனா. அதற்கடுத்து டீசலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்து, கியூஆர் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கிய காலம். நான்கு வருடத்துக்குள் மூன்று முறை அறுகம்பே வெறிச்சோடியது. "இந்த நாலு வருசத்துக்குள்ள ஒருக்கா அப்பிடி நடந்தா ஆரு கட்டுற?" என்று கேட்டா.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிதான் சொன்னான்: "ராத்தா, இதுவும் பிரேக் இல்லாத பெட்டிதான். ஏத்தத்தில இழுத்திடுவம். இறக்கத்தில தள்ளும்."

பஜிரோ அன்றோடு முடிந்தது.

கடைசியில் வாங்கியது மிட்சுபிஷி எல்200 டபுள் கெப், 2.5 லீற்றர் டர்போ டீசல். வயது இருபதுக்கு மேல். பெயின்ட் மங்கல், ஏசி பாதிதான் வேலை. ஆனால் ஏணி மாதிரிக் கனமான சேஸி, மணலுக்குத் தாழ்ந்த கியர், முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக். பேரம் பேச முதல், உரியவரிடம் கேட்டு அதையும் அதே நெல் ஆலைத் தராசில் ஏற்றினோம். 1,780 கிலோ. பிரித்தானியாவில் புதிதாகக் கெரவன் இழுக்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: வண்டியின் எடையில் 85 வீதத்துக்கு மேல் கெரவன் இருக்கக் கூடாது. 1,780க்கு அது 1,500 வரும். எங்களுடையது அதற்குள் நிற்கிறது. கையேட்டின் இழுவை எல்லைக்குள்ளும் நிற்கிறது.

கராஜ்காரர் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். சேஸியில் ஒட்டு இருக்கிறதா, கடல் காற்றுத் துரு தின்றிருக்கிறதா, கொக்கி பூட்டும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். "என்ஜின் போனா எடுக்கலாம் சேர், சேஸி போனா வண்டியே இல்ல" என்றார். எங்களுக்கு அவர் வாங்கிய கூலி ஐயாயிரம். அதைவிடப் பெறுமதியான ஐயாயிரத்தை நாங்கள் செலவழித்ததில்லை.

வண்டிக்கும் பதிவுக்கும் 50 இலட்சம் போனது. மிச்ச ஐந்தும் கெரவனுக்கு. ஊரில் பலர் சிரித்தது இதற்குத்தான். "காசு மிஞ்சினா நல்ல ரிம் போடுங்க" என்றார்கள். நாங்கள் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பிரேக் உள்ள பழைய ட்ரெய்லர் அச்சும், தள்ளும்போது தானாகவே பிரேக் பிடிக்கிற கொக்கியும் தேடி எடுத்து வந்தோம். முன்னால் போகிற வண்டி வேகம் குறைத்ததும் கெரவன் அதை நெருக்கும். அந்த நெருக்கலே கெரவனின் சில்லுகளில் பிரேக்கைப் பிடிக்கும். கூடவே இரண்டு காப்புச் சங்கிலி, பின் விளக்குகளுக்குப் புது வயர். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு மேலே கொண்டுவந்தோம், ஒரு ஃப்ரீசரை முன்னுக்கு நகர்த்தினோம். 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. இப்போது வெறும் தாங்கியோடு போய், போன இடத்தில் நிரப்புகிறோம். திரும்ப நிறுத்தோம்: கெரவன் 1,260, கொக்கியில் 125. தம்பி அந்தத் துண்டைக் கெரவன் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

இனி ஜீப்.

மொனராகலைப் பக்கம் இருந்து ஒரு விவசாயி வந்தார், சிங்களவர், எங்கள் வாப்பாவின் வயது. சோளச் சேனைக்குப் போய்வர வேண்டுமாம். ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்து, கேட்ட விலைக்குச் சம்மதித்துவிட்டார். மட்கார்டையும் பிரேக்கையும் நாங்கள் திருத்தி வைத்திருந்தோம், பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரகர் கண்ணைக் காட்டினார், பேசாமல் இருங்கள் என்று. தம்பி எங்களைப் பார்த்தான். சாமானில் உள்ள குறையை மறைத்து விற்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறோம். கேட்பது இலேசு.

சொன்னோம். எல்ல வீதியில் நடந்ததைச் சொன்னோம், எந்தப் பக்கம் உரசியது என்று தொட்டுக் காட்டினோம். பெட்டி கொளுவ வேண்டாம், மலைக்குப் பாரம் ஏற்ற வேண்டாம் என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு ஐம்பதாயிரத்தைக் குறைத்துக் கேட்டார். கொடுத்தோம். தரகர் எங்களோடு இன்றுவரை பேசுவதில்லை. அந்த மனிதர் அடுத்த போகத்தில் ஒரு மூட்டைச் சோளக் கதிர் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். உம்மா அதை அவித்து அயலுக்கெல்லாம் கொடுத்தா. ஜீப் போன அன்று உம்மா வெளியே வரவில்லை. சோளம் வந்த அன்று "வண்டி ஓடுதாமா?" என்று மட்டும் கேட்டா. ஓடுதாம் என்றோம்.

டிசம்பரில் எல்பா — பிள்ளைகள் எல்200க்கு வைத்த பெயர் — கெரவனை மலைக்கு ஏற்றியது. வேகமாக இல்லை. பின்னால் வந்தவர்கள் கோன் அடித்தார்கள், இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி விட்டோம். ஏற்றம் எங்களுக்குப் பரீட்சை இல்லை. பரீட்சை 2025 ஏப்ரலில் இறங்கும்போதுதான்.

எல்லவில் புறப்பட முதலே கியர் இரண்டில் போட்டான் தம்பி. எந்தக் கியரில் ஏறினோமோ அதற்கு மேல் போகாமல் இறங்க வேண்டும், வேகத்தை என்ஜின் பிடிக்கட்டும், பிரேக் துணைக்குத்தான். நீர்வீழ்ச்சிக்குக் கீழே அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தோம். கை பொறுத்தது. அந்த மண்மேடு வந்தது. பெயின்ட் கீறு இன்னும் கல்லில் இருப்பதாகத் தம்பி சொல்கிறான், எங்களுக்குத் தெரியவில்லை. மகன் பின் ஆசனத்திலிருந்து எட்டிக் கேட்டான்: "சாச்சா, பிரேக் இருக்கா?"

"இருக்கு மகன். ரெண்டுக்கும் இருக்கு."

வெல்லவாயவில் தேநீர் குடிக்க இறங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் அவன் முன் ஆசனத்தில் இருக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லாஹுகலையில் யானை வீதிக்கு வர முதல் ஊர் சேர வேண்டும் என்று புறப்பட்டோம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்திருந்தால் மலிவாகப் புதிது எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். புது வண்டியின் வரியைப் பார்த்தீர்கள்தானே. எங்களுக்குக் கவலை இல்லை.

பெட்டி இழுக்கிற சகோதரர்களே, புது வண்டி தேட முதல் உங்கள் பெட்டியை நெல் ஆலைத் தராசில் ஏற்றுங்கள், கேட்டால் தருவார்கள். கொக்கியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் பிரேக் உள்ள பெட்டிக்கு ஒரு எண்ணும் பிரேக் இல்லாத பெட்டிக்கு வேறொரு எண்ணும் இருக்கும், இரண்டாவது பெரும்பாலும் சிறியது, அதைத் தேடி வாசியுங்கள். காப்புறுதிக்காரரிடம் பெட்டி இழுப்பதைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிரேக் ஒயிலை மாற்றுங்கள். கொக்கி எடை பார்க்கத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பெட்டியோடு வீட்டுக்கு வாருங்கள். தம்பி பார்த்துத் தருவான், காசு வேண்டாம்.

வாப்பாவின் ஆகிறத்துக்காக ஒரு துஆ செய்யுங்கள்.